குப்புறவா, மல்லாக்கவா?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களைப் பார்க்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, நாம் வாயைத் திறக்குமுன் தங்கள் ஒப்பரேஷன் கதையைத் தொடங்கிவிடும். மற்ற வகை ஒன்றுமே கேளாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போய்விடும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அதனால் என் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்ல எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதுதான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்த பிழை எங்கேயும் நடக்கக்கூடியது. அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் அதே ஆஸ்பத்திரிதான். அந்த நன்றியை நான் மறக்கக்கூடாது.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஒழுங்கையில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார்கள். என் கணவருக்குத் திருகோணமலையில் அரசாங்க வேலை. நினைத்தபடி லீவு கிடைக்காது. நான் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். வயிற்றில் மூன்று மாதம். அதற்கு முன் இரண்டு தடவை வந்தது தங்காமல் போயிருந்தது. இந்த முறையாவது நிலைக்கவேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. சைவப் பெண்ணான நான், பஸ்ஸில் போகும்போது வழியில் தெரியும் மாதா கோயிலுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடுவேன்.

சேதி கேட்ட அன்றே ஒரு தகரப் பெட்டியோடு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து இறங்கினார் அன்னம் மச்சாள். என் கணவரின் மூத்த அக்கா. இளம் வயதிலேயே கணவனை இழந்தவர், பிள்ளைகளும் இல்லை. வந்த நாள் முதல் நான் குனியக்கூடாது, தண்ணீர் தூக்கக்கூடாது, பால்காரனோடு சண்டை பிடிக்கவும் கூடாது. சண்டையை அவரே பிடித்தார், என்னைவிட நன்றாக.

அன்று சனிக்கிழமை. காலையில் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். முதுகின் இடது பக்கத்தில், விலாவுக்குக் கீழே, யாரோ கயிறு கட்டி முறுக்குவது போல ஒரு நோ எழுந்தது. விடும், மறுபடி முறுக்கும். முறுக்கும்போது மூச்சு எடுக்க முடியாது. கொப்பிகளைத் தள்ளிவிட்டுப் பாயில் குப்புற விழுந்தேன். வாந்தி, வியர்வை, மேல் எல்லாம் நடுக்கம். “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்று பிறருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எனக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

மச்சாள் எண்ணெய் காய்ச்சி வந்து நோகிற இடத்தில் தடவினார். குப்புறக் கிடந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவருக்குப் பயம். ஆனால் புரட்டிப் போட்டால் நான் கத்தினேன். அதனால் நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துவிட்டுத் தடவிக்கொண்டே இருந்தார்.

“எங்கையடி பிள்ளை? இஞ்சையோ?”

“ஓம்... அதுதான்... விடாதேங்கோ.”

அந்த இடத்தை அவர் கை நன்றாக மனப்பாடம் செய்துவிட்டது. பின்னால் வரப்போகிற கூத்துக்கு இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருமுனை டிஸ்பென்சரி டொக்டரை அழைத்து வந்தார்கள். அவர் என் நாடியையும் என் கத்தலையும் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டு ஒரு மோர்பியா ஊசி போட்டார். “உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, இது சாதாரண வயித்துக்குத்து இல்லை” என்றார். மோர்பியா அபினிலிருந்து எடுக்கிற மருந்து. நோயை அது மாற்றாது, நோவின் வாயை மட்டும் கட்டிவிடும். என்னுடைய வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டது. முன்வீட்டுக்காரர் தம் பங்குக்குக் கிடைத்த பெற்றோலையெல்லாம் செலவழித்துத் தம் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். அந்த நாளில் பெற்றோல் கொடுப்பது இரத்தம் கொடுப்பதற்குச் சமம். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நீள நீளமான வாங்குகள். எல்லாவற்றிலும் ஆட்கள். பினைல் மணமும் பிள்ளைகளின் அழுகையும். நான் ஒரு தள்ளுவண்டியில் அரைமயக்கத்தில் கிடந்தேன். மச்சாள் தன் சேலைத்தலைப்பால் என் கால்களை மூடியதும், முகத்தில் மொய்த்த இலையானை விரட்டியதும், பக்கத்தில் இருந்தவர்களிடம் என் குடும்ப வரலாற்றைச் சொன்னதும் கனவில் போல நினைவிருக்கிறது.

டொக்டர் நசீர் வந்தார். கிராண்ட்பாஸ் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. படிப்பு முடித்து அதிக காலம் ஆகவில்லை. நல்ல முகம், பொறுமையான குரல். அவர் அவசரக்காரர் என்றோ அலட்சியக்காரர் என்றோ ஒருவரும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் பிழை நடந்தது.

“என்ன செய்யுது செல்லுங்க” என்று என்னைத்தான் கேட்டார். நான் நாக்கைத் தேடி எடுப்பதற்குள் மச்சாள் முந்திக்கொண்டார்.

“அவ களைச்சுப்போனா டொக்டர், அவவாலை கதைக்க ஏலாது. என்னட்டைக் கேளுங்கோ. காலமை துடங்கினது. வயித்தைப் பிரட்டிச் சத்தியும் வந்தது. மூண்டு மாதம் வேறை.”

“எந்த எடத்துல நோவுது மாமி?”

இங்கேதான் எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஒருவருக்கு வந்த நோவை இன்னொருவர் தன் உடம்பில் தொட்டுக் காட்டக்கூடாது. காட்டினால் அந்த நோ தொட்ட இடத்தில் வந்து குடியேறிவிடும். மறந்துபோய்க் காட்டிவிட்டால் உடனே அந்த இடத்தைக் கையால் தட்டி, ‘பூ’ என்று ஊதிவிடவேண்டும். எங்கள் வீடுகளில் கால் முறிந்த கதையைக்கூட மேசைக்காலில்தான் காட்டுவோம். வலியில் கிடக்கிற என்னைத் தொட்டுக் காட்டவும் மச்சாளுக்கு மனம் வரவில்லை. தொட்டால் நோகுமே என்று.

ஆகவே வண்டியிலிருந்த தலையணையை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது தலை, இது கால்” என்று ஒழுங்காகச் சொன்னார். பிறகு தலையணையின் ஒரு பக்கத்தில் விரலை ஊன்றினார். “இஞ்சை, டொக்டர். இஞ்சை பிடிச்சு முறுக்குதாம்.”

டொக்டர் நசீர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

மச்சாளுக்கு அந்தத் தலையணை, காலையிலிருந்து தன் கையடியில் குப்புறக் கிடந்த நான். அவர் காட்டியது முதுகின் இடது பக்கம். டொக்டர்மார் முன்னே நோயாளிகள் மல்லாக்கத்தான் கிடப்பார்கள். அதனால் டொக்டர் நசீருக்கு அது மல்லாந்து கிடக்கிற வயிறு, விரல் நின்ற இடம் வலது பக்கம். தலை எது, கால் எது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. குப்புறவா, மல்லாக்கவா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. தலையணைக்கு முகம் இல்லையே.

வாட்டில் ஒரு கட்டில் கிடைத்தது. பெரிய டொக்டர் வந்தார். சிங்களவர், நரைத்த மீசை, வெட்டுச்சிகிச்சையில் பெயரெடுத்தவர். டொக்டர் நசீர் எழுதிய ரிக்கற்றை வாசித்தார், என் வயிற்றை அமத்தினார். வாந்தி எடுத்து எடுத்து வயிறு முழுவதும் புண்ணாகிப்போயிருந்தது, எங்கே தொட்டாலும் நான் சுருங்கினேன். வலது பக்கம் தொட்டபோதும் சுருங்கினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. வலப்பக்க நோ, வாந்தி, இலேசான காய்ச்சல்: குடல்வால் அழற்சி.

குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் தொங்குகிற சிறு துண்டு. மண்புழு அளவுதான் இருக்குமாம். அது வீங்கிப் பழுத்து வெடித்தால் சீழ் வயிறெல்லாம் பரவி ஆளையே கொண்டுபோய்விடும். வெடிக்குமுன் வெட்டி எடுத்துவிட்டால் தப்பலாம். இதை டொக்டர் நசீர் மச்சாளுக்கு விளக்கியது என் காதில் விழுந்தது.

“அப்ப பிள்ளை?” என்றார் மச்சாள்.

டொக்டர் நசீர் குரலைத் தாழ்த்தினார். “தாய காப்பாத்தணும் மாமி, அதான் மொதல். மயக்க மருந்து குடுத்து வயித்த வெட்டினா, மூணு மாசப் புள்ள தங்குமோ தெரியல்ல. வெட்டாம உட்டா ரெண்டு பேருக்கும் மோசம்.”

கணவர் ஊரில் இல்லை. திருகோணமலைக்குத் தந்தி போயிருந்தது, ஆனால் ஆள் வர நாளாகும். சம்மதக் கையெழுத்தை மச்சாள்தான் போட்டார். போட்டுவிட்டு என் கட்டிலடிக்கு வந்து, என் தலைமயிரைக் கோதிக்கொண்டே, “காசைப் பற்றி யோசியாதை, என்னட்டை இருக்கு. ஒண்டையும் யோசியாதை” என்றார். நான் அழுதேன். மோர்பியாவுக்கு நோவைத்தான் கட்டத் தெரியும், அழுகையைக் கட்டத் தெரியாது. மூன்றாவதும் போகப்போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. ‘வலப்பக்கம்’ என்று அவர்கள் பேசிக்கொண்டது மட்டும் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீளாது.

பக்கத்துக் கட்டிலில் கிருலப்பனையைச் சேர்ந்த ஒரு சிங்களப் பெண். “பயவென்ட எப்பா நங்கி” என்று தன் கட்டிலிலிருந்து எட்டி என் கையைப் பிடித்தார். பயப்படாதே தங்கச்சி என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. ஆனாலும் அந்தக் கையை நான் விடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் என்னை ஒப்பரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாதென்று யன்னல்களுக்கெல்லாம் கறுப்புத்துணி அடித்திருந்தது. உள்ளே போகுமுன் ஒரு சிறிய அறை. அங்கே வைத்துத்தான் நோயாளியை ஆயத்தப்படுத்துவார்கள். அந்த நேரத்தில் மோர்பியா தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பத் தொடங்கியிருந்தது. முதுகின் இடது பக்கத்தில் பழைய முறுக்கு மெதுவாகத் தலையெடுத்தது.

தாதி ஒருத்தி, மிஸி என்போம், என் வயிற்றில் அயோடின் பூசினாள். சில்லென்றது. வலது பக்கத்தில் சில்லென்றது.

“அங்கை ஏன் பூசிறியள்?” என்றேன்.

“சும்மா இருங்க நோனா.”

“அந்தப் பக்கம் இல்லை. எனக்கு நோகிறது மற்றப் பக்கம்.”

“எல்லாம் சரியாகும், சும்மா இருங்க.”

இரண்டு தடவை தமிழில் சொன்னேன், ஒரு தடவை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். குழறிய நாக்கை யார் மதிப்பார்கள்? கடைசியில் கடைசி வாங்குக் குழப்படிகளுக்கென்று வைத்திருக்கும் வகுப்பறைக் குரலை எடுத்து, இங்கிலீசில், “பக்கம் பிழை!” என்று கத்தினேன். கை கழுவிக்கொண்டிருந்த பெரிய டொக்டர் ஈரக்கையோடு திரும்பினார்.

“என்ன சொல்கிறாள்?”

“மருந்து மயக்கம், சேர்” என்றார் டொக்டர் நசீர்.

“மயக்கத்தில் இருக்கிறவளுக்குத் தன் நோவு எங்கே என்று தெரியாதென்றால், எழுதிய உமக்கு எப்படித் தெரிந்தது?”

“உறவினர் காட்டினார், சேர்.”

“அவரைக் கூப்பிடும்.”

வெளியே தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்த மச்சாளைக் கூட்டி வந்தார்கள். என்னை அந்த அறையில் உயிரோடு கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஒப்பரேஷன் முடிந்துவிட்டதென்று நினைத்துவிட்டார், பாவம். நோவு எங்கே என்று காட்டச் சொன்னார்கள். அவர் கண் அறையைச் சுற்றியது. ஒரு தலையணையைக் கண்டுபிடித்து எடுத்தார். இது தலை, இது கால். விரல் அதே இடத்தில் போய் நின்றது.

“வலது” என்றார் டொக்டர் நசீர்.

“இடது” என்றேன் நான்.

பெரிய டொக்டர் தலையணையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தத் தலையணை வேண்டாம். உம்முடைய உடம்பில் காட்டும்” என்று சைகையோடு மச்சாளிடம் கேட்டார்.

மச்சாள் ஓரடி பின்னே வைத்தார். “ஐயோ, அப்பிடிக் காட்டக்கூடாது டொக்டர்!”

“அவங்க காட்ட மாட்டாங்க சேர். எங்கட உம்மாவும் காட்ட மாட்டாங்க” என்று டொக்டர் நசீர் இங்கிலீசையும் தமிழையும் ஒன்றாகக் கலந்து சொன்னார். பிறகு மச்சாளிடம் திரும்பி, மெல்லிய குரலில், “மாமி, பக்கம் பிழைச்சா சும்மா வெட்டி புள்ளய இழந்திருவம். ஒரே ஒருக்கா காட்டுங்க” என்றார்.

மச்சாள் என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தன் கையைப் பின்னால் கொண்டுபோய், தன் இடது விலாவுக்குக் கீழே கையை ஊன்றி, அந்த இடத்தை அமத்திப் பிடித்துக்கொண்டார்.

“இஞ்சை, டொக்டர்! இஞ்சைதான்! இஞ்சை!”

“முதுகா?” என்றார் டொக்டர் நசீர்.

“முதுகுதானே! காலமையிலையிருந்து குப்புறக் கிடந்தவ, நான்தானே எண்ணெய் தடவினனான்!”

பெரிய டொக்டர் என்னைச் சாய்த்து, கைமுட்டியால் முதுகின் வலது பக்கத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றுமில்லை. இடது பக்கத்தில் தட்டினார். நான் போட்ட சத்தத்தில் மிஸியின் கையிலிருந்த அயோடின் கிண்ணம் கீழே விழுந்தது. அவருக்கு அதைவிட வேறு ரிக்கற் வேண்டியிருக்கவில்லை.

“இது குடல்வால் இல்லை. சிறுநீரகம்” என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார். “வாட்டுக்குக் கொண்டுபோங்கள்.”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். என் தலைப்பாகை வலது வயிற்றில் இருந்த அயோடின் மஞ்சள்தான். அது போக வெகுநாள் எடுத்தது. குளிக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பேன், பிறகு கொஞ்சம் நடுங்குவேன்.

என் சிறுநீரை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் அதில் இருந்ததாம். சிறுநீரகத்தில் உப்புகள் சேர்ந்து கல்லாகும். அந்தக் கல் நகர்ந்து, நூல் போன்ற குழாய்க்குள் இறங்கும்போதுதான் அந்த முறுக்கு. பெரும்பாலும் அது தானாகவே வெளியே வந்துவிடும். தண்ணீர் குடித்துக்கொண்டு பொறுத்திருக்கவேண்டும். எக்ஸ்ரே படம் எடுத்தால் கல் தெரியும், ஆனால் வயிற்றுப் பிள்ளையை நினைத்துப் பெரிய டொக்டர் வேண்டாமென்றார். கத்தியும் இல்லை, மயக்கமும் இல்லை.

பிறகு வந்தவை தண்ணீர் நாட்கள். பார்லித் தண்ணீர், இளநீர், வாழைத்தண்டுச் சாறு. மச்சாள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடி ஓடிக் கொண்டுவந்து குவித்தார். கிருலப்பனைப் பெண்ணின் புருஷன் எனக்கென்று தினமும் தம்பிலி வெட்டி வந்தார். செவ்விளநீரைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதற்குமுன் அவர் முகத்தையே நான் பார்த்ததில்லை. நோ வந்தது, போனது, மறுபடி வந்தது. ஆனால் இப்போது அதற்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் தெரிந்த நோவைப் பொறுப்பது அத்தனை கடினமில்லை. பிள்ளை இன்னும் உள்ளே இருந்தது. அதை நினைத்தால் எந்த முறுக்கையும் பல்லைக் கடித்துத் தாங்கலாம்.

ஒரு காலையில், என் சிறுநீரை வடிகட்டிய சீலைத்துணியை மிஸி உதறியபோது, ‘டிக்’ என்று ஒரு சத்தம். எனாமல் பாத்திரத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு கல். மிளகளவுகூட இல்லை. இத்தனை ஆட்டம் ஆட்டியது இந்தப் பொடிக்கல்லா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது, ஒரு புளியங்கொட்டை அளவாவது இருந்திருக்கலாம். வாட்டு முழுவதும் வந்து பார்த்தது. கிருலப்பனைப் பெண் கைதட்டினார். மச்சாள் கல்லைப் பார்க்க மறுத்து, சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்று பின்னேரம் பெரிய டொக்டர் வந்து என் கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பெரிய டொக்டர்மார் உட்கார்ந்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. டொக்டர் நசீர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“நாங்கள் பிழைவிட்டு ஒருவர் இறந்துபோனால், உடலை அறுத்துப் பார்த்து எங்கே பிழைத்தோமென்று கண்டுகொள்கிறோம்” என்றார் இங்கிலீசில். “இறந்தவர்கள் எங்களுக்குப் பாடம் சொல்கிறார்கள். பிழையோடு தப்பிப் பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. எத்தனை நல்ல குடல்வாலை வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. எங்கள் படிப்பில் இருக்கிற பெரிய ஓட்டை அதுதான்.”

டொக்டர் நசீர் கட்டிலடிக்கு வந்தார். என்னிடம் தமிழில் சொன்னார்: “எங்கட வாப்பாக்கு நெஞ்சு நோவு வந்தா உம்மா அத செவத்துலதான் காட்டுவாங்க. அதனால ஒங்கட மாமி தலகாணிய எடுத்தது எனக்கு வித்தியாசமாவே படல்ல. என்ட எடத்துல வெள்ளக்காரன் ஒருத்தன் ஈந்திருந்தா, ‘என்னத்துக்கு தலகாணி’ண்டு கேட்டிருப்பான். நான் நம்ம ஆளா ஈந்ததாலதான் கேக்காம உட்டன்.”

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும், அவரோ யானைக்கன்று. “நீங்கள் கெஞ்சிக் கேட்டபடியால்தான் மச்சாள் காட்டினவ, தம்பி. இந்தப் பிழையை எழுதினால் அதையும் சேர்த்து எழுதுங்கோ” என்றேன்.

நான் வீட்டுக்குப் போகுமுன்பே அந்த வாட்டில் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. தியேட்டருக்குப் போகிற எவரானாலும், மயக்க மருந்துக்கு முன்னே, நோகிற இடத்தைத் தன் விரலால் தானே காட்டவேண்டும். அந்த இடத்தில் டொக்டர் ஊதா மருந்தால் ஒரு புள்ளி வைப்பார். உறவினர் சொல்வதைக் கேட்கலாம், ஆனால் புள்ளிக்கு நோயாளியின் விரல்தான். கிருலப்பனைப் பெண்தான் முதலில் புள்ளி வைத்துக்கொண்டு போனவர். பொட்டு வைத்துக்கொண்டு கலியாணத்துக்குப் போகிறவள்போலச் சிரித்துக்கொண்டு போனார்.

கல் விழுந்த பிறகுதான் கணவர் வந்து சேர்ந்தார். ரயிலில் வரும்போது தான் அழுத கதையை அவர் மறைக்கப் பார்த்தார், கண் காட்டிக்கொடுத்துவிட்டது. மாதம் நிறைந்து பெண்பிள்ளை பிறந்தாள். நல்ல சத்தக்காரி. தனக்கு எங்கே நோகிறதென்று ஒழுங்கை முழுவதற்கும் அறிவிக்கிறவள்.

பிள்ளைக்குக் கழுத்து நின்ற பிறகு பெரிய டொக்டரிடமிருந்து சொல்லி அனுப்பினார்கள். இளம் டொக்டர்மார் கூடுகிற ஒரு கூட்டத்தில் நான் வந்து என் வாயாலேயே நடந்ததைச் சொல்லவேண்டுமாம். “உங்களுக்காக இன்னொருவர் பேசி ஒரு தடவை பட்டது போதும்” என்று அவர் சொன்னதாக டொக்டர் நசீர் வந்து சிரித்தார்.

போனேன். மச்சாள் வரமாட்டேன் என்றுதான் நின்றார். தன்னைக் குற்றம் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு எண்ணம். பிள்ளையை யார் வைத்திருப்பது என்று கேட்டு இழுத்துக்கொண்டு போனேன். அவர் பிள்ளையோடு கடைசி வாங்கில் குந்திக்கொண்டார். நான் கரும்பலகைக்கு முன்னே நின்று, ரீச்சர் குரலில், எண்ணெய் தடவியதிலிருந்து கல் விழுந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னேன். தட்டி ஊதுகிற வழக்கத்தையும் விளக்கினேன். தலையணையை எடுத்துக் காட்டியபோது எல்லாரும் சிரித்தார்கள், பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. “கேளுங்கள். பதில் தெரியுமென்று நினைக்கிற இடத்தில்தான் கட்டாயம் கேளுங்கள்” என்று முடித்தேன். பெரிய டொக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். இன்னும் படித்துக்கொண்டிருப்பவள்.

“உங்கள் மச்சாள் அந்த அறையில் தன் முதுகில் காட்டினாரே. பிறகு அதைத் தட்டி ஊதிவிட்டாரா?”

அந்த அறையை மறுபடி நினைத்துப் பார்த்தேன். மச்சாளின் கை அந்த இடத்தை அமத்திப் பிடித்தபடியே இருந்தது. என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அப்படியே இருந்தது. தட்டவில்லை. ஊதவில்லை. கறிக்கத்தி வெட்டிய விரலைக் காட்டினால்கூட மூன்று தடவை ஊதுகிற மனுஷி! ஊருக்கெல்லாம் ‘கேளுங்கள்’ என்று சொன்ன நான் அதை ஒருநாளும் கேட்கவில்லை.

வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில், கடல் காற்றில் பிள்ளை அவர் மடியில் நித்திரையாகிவிட்டாள். அப்போது கேட்டேன்.

“மச்சாள், அண்டைக்கு நீங்கள் தட்டிவிடேல்லையே. ஏன்?”

அவர் என்னை விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“தட்டிவிட்டா அது எங்கையடி போகும்? திரும்ப உன்னட்டைத்தானே வரும்” என்றார். “உன்ரை வயித்திலை இவளெல்லே இருந்தவள்.”

பிள்ளையின் தலையைக் காற்றுப் படாமல் சேலைத்தலைப்பால் மூடிவிட்டு, மறுபக்கம் திரும்பிக் கடலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.